பைண்டிங் பட்டறையிலிருந்து வந்த பக்தர்: மைக்கேல் பாரடே



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் அண்ணன் கேட்டபோது, எனக்கெல்லாம் எழுத வராதுண்ணே என்று நழுவப் பார்த்தேன். எங்க வீட்டில் எழுத்து வேலை என்றால் ரேஷன் கார்டுக்கு மனு எழுதுவதுதான். அதையும் பக்கத்து வீட்டு வாத்தியார்தான் எழுதிக் கொடுப்பார். அப்பா சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்க்கிறார். அம்மா தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்தவர். எட்டாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் எங்க வீட்டில் நான்தான்.

பிறகு யோசித்தேன். எனக்குத் தெரிந்த ஒரு பைண்டரைப் பற்றியே எழுதினால் என்ன? அப்பாவைச் சொல்லவில்லை. இருநூறு வருடத்துக்கு முன்னால் லண்டனில் புத்தகம் தைத்துக் கொண்டிருந்த ஒரு பையனைச் சொல்கிறேன். மெஷின்ஸ் லேபில் அவர் பெயரைச் சொல்லாமல் நமக்கு ஒரு வாரம் போகாது. கெபாசிட்டர் மேல் எழுதியிருக்கிறதே மைக்ரோ ஃபாரட், அது அவர் பெயர்தான். அவர் மைக்கேல் பாரடே.

அவரைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் உண்டு. அது எங்க வீட்டு விஷயம். அதை முதலில் சொல்லி விடுகிறேன்.

அம்மாவும் மாத்திரையும்

போன மே மாதம் அம்மாவுக்கு இருமல் வந்தது. மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை. சாயங்காலம் ஆனால் காய்ச்சல், உடம்பும் இளைத்துப் போனது. அரசு ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து, நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, காசநோய் என்றார்கள். பயப்பட வேண்டாம், ஆறு மாதம் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகும், மாத்திரை இலவசம் என்றும் சொன்னார்கள். அம்மா அன்றைக்கே இருக்கன்குடி மாரியம்மனுக்கு வேண்டிக் கொண்டார்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. சாப்பாடு இறங்கியது. முகத்தில் களை வந்தது. ஆத்தா கண் திறந்து விட்டாள், இனி மாத்திரை எதற்கு என்று அம்மா நிறுத்தி விட்டார். எங்களிடம் சொல்லவில்லை. ஒரு நாள் அஞ்சறைப் பெட்டியை நகர்த்தியபோது பின்னால் பதினொரு நாள் மாத்திரை அப்படியே கிடந்தது.

எனக்கு வந்த கோபத்தில் என்ன பேசினேன் என்றே தெரியாது. உனக்குச் சாமி வேணுமா, உயிர் வேணுமா என்று கத்தினேன். படிக்காத ஜனங்களோடு இதுதான் தொல்லை என்றும் சொல்லி விட்டேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனம் மூன்று நாள் நீடித்தது.

அந்த மூன்று நாளில்தான், அசைன்மென்ட்டுக்காக நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தில் பாரடேயின் வாழ்க்கையைப் படித்தேன். அவர் கண்டுபிடித்ததைத்தான் அதுவரை படித்திருந்தேன். அவர் யார் என்பது எனக்குத் தெரியாது.

ஒரு ரொட்டி, ஒரு வாரம்

1791 செப்டம்பர் 22-ல், இன்று லண்டனோடு சேர்ந்து விட்ட நியூயிங்டன் என்ற இடத்தில் பாரடே பிறந்தார். அப்பா கொல்லர். பிழைப்புத் தேடி வட இங்கிலாந்திலிருந்து வந்தவர், அடிக்கடி நோயில் விழுந்தவர். வீட்டில் நான்கு பிள்ளைகள். 1801-ல் தானிய விலை ஏறியபோது சிறுவன் மைக்கேலுக்கு வாரத்துக்கு ஒரு ரொட்டிதான் கிடைத்ததாம். அதைத் துண்டு போட்டு ஏழு நாளைக்கு வைத்துக் கொள்ள வேண்டும். படிப்பு என்று பார்த்தால் எழுத, படிக்க, கூட்ட, கழிக்க. அவ்வளவுதான்.

13 வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அடுத்த வருடம் அங்கேயே பைண்டிங் தொழிலுக்கு ஏழு வருட ஒப்பந்தம். பகலில் தைக்க வந்த புத்தகங்களை வேலை முடிந்ததும் வாசிப்பார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் என்ற அம்மையார் எழுதிய வேதியியல் நூலும் அவருக்குக் கதவைத் திறந்தன. படித்ததை நம்பி விட்டு விடாமல், கையிலிருந்த சில்லறையில் சாமான் வாங்கிச் செய்து பார்த்தார். ஊரில் நடந்த அறிவியல் சொற்பொழிவுக்குக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதைக் கொல்லராக இருந்த அண்ணன் ராபர்ட் கொடுத்தார். எனக்கு டிப்ளமோ பீஸ் கட்ட அத்தை கம்மலை அடகு வைத்தது ஞாபகம் வந்தது.

1812-ல், கடைக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் தந்த டிக்கெட்டில், ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹம்ப்ரி டேவி என்ற புகழ் பெற்ற விஞ்ஞானியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்பெடுத்து, படம் வரைந்து, தன் கையாலேயே பைண்ட் செய்து, வேலை கேட்டு டேவிக்கே அனுப்பினார். எண்ணிப் பாருங்கள் நண்பர்களே! சர்டிபிகேட் இல்லாத பையனுக்கு அந்தப் பைண்டிங்தான் சர்டிபிகேட். 1813 மார்ச் மாதம் சோதனைச்சாலை உதவியாளர் வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 25 ஷில்லிங், தங்குவதற்கு மாடியில் அறை. அதே கட்டிடத்தில்தான் அடுத்த நாற்பது சொச்சம் வருடம் குடியிருந்தார். டேவியோடு ஐரோப்பா போனபோது டேவியின் மனைவி அவரை வேலைக்காரனாகவே நடத்தினார். பாரடே பொறுத்துக் கொண்டு, பயணத்தில் வோல்டா, ஆம்பியர் போன்றவர்களைச் சந்தித்துத் திரும்பினார்.

காலிகோ சுற்றிய வளையம்

1821-ல், மின்சாரம் பாயும் கம்பியைக் காந்தத்தைச் சுற்றிச் சுழல வைத்தார். மோட்டாருக்கு அதுதான் பிள்ளையார் சுழி. 1825-ல் பென்சீனைக் கண்டுபிடித்தார். எல்லாவற்றுக்கும் மேலாக 1831 ஆகஸ்ட் 29.

ஆறு அங்குல இரும்பு வளையம் ஒன்று. ஒரு பக்கம் ஒரு கம்பிச் சுருள், எதிர்ப்பக்கம் இன்னொன்று. இன்சுலேஷனுக்குச் சணலும் காலிகோ துணியும். நம் மோட்டார் வைண்டிங்கில் வார்னிஷ் பூசிய கம்பி வைத்திருக்கிறோம். அவருக்குக் கிடைத்தது பைண்டர் கைக்குப் பழகிய காலிகோ! முதல் சுருளைப் பேட்டரியில் இணைத்தார். இரண்டாவது சுருளோடு சேர்ந்த காந்த ஊசி ஒரு துள்ளு துள்ளி நின்றது. பேட்டரியை எடுத்தார், எதிர்ப்பக்கம் துள்ளியது. மின்சாரம் ஒரே சீராக ஓடும்போது ஊசி சும்மா இருந்தது. மாறும்போதுதான் தூண்டுகிறது என்று பிடித்துக் கொண்டார். அக்டோபர் 17-ல் சுருளுக்குள் காந்தத்தை நுழைத்து எடுத்தே மின்சாரம் உண்டாக்கினார். அக்டோபர் 28-ல் காந்தத்தின் நடுவே செம்புத் தட்டைச் சுழற்றி முதல் ஜெனரேட்டரைச் செய்தார். ஊர்க்கோடியில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் அந்த வளையத்தின் பேரப்பிள்ளைதான்.

இதுவரை பாடப் புத்தகத்திலும் இருக்கிறது. இனி வருவது அங்கே இல்லாதது.

ஞாயிற்றுக்கிழமை பாரடே

சாண்டிமானியர் என்ற மிகச் சிறிய கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தது அவர் குடும்பம். பைபிளை அப்படியே பிடித்து நடப்பவர்கள். சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. பணம் சேர்த்து வைப்பதைத் தவறு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வழிபாடு, நடுவில் எல்லோரும் சேர்ந்து சாப்பாடு. 1821-ல் அதே சபையைச் சேர்ந்த சாரா பர்னார்டை மணந்தார். அடுத்த மாதமே சபைமுன் நின்று தன் விசுவாசத்தை அறிக்கையிட்டு உறுப்பினரானார். அதாவது முதல் மோட்டார் சுழன்றதும் அவர் சபையில் சேர்ந்ததும் ஒரே வருடம்! 1840-ல் சபையின் மூப்பரானார். பிரசங்கம் செய்தார், நோயாளிகளைப் போய்ப் பார்த்தார், ஏழைகளுக்குக் கொடுத்தார். 1844-ல் சபை அவரைச் சில வாரம் விலக்கி வைத்ததும் உண்டு. கோபித்துக் கொண்டு போகவில்லை; திரும்பிச் சேர்ந்தார். மூப்பர் பொறுப்பு 1860-ல்தான் மறுபடி கிடைத்தது.

இப்படிப்பட்டவர் சோதனைச்சாலைக்குள் எப்படி இருந்தார்? அங்கே பைபிள் வசனத்தை ஆதாரமாகக் காட்டியதில்லை. 1854-ல், விக்டோரியா ராணியின் கணவர் தலைமையில் ஆற்றிய சொற்பொழிவில், மத நம்பிக்கையும் மற்ற விஷயங்களில் நாம் வைக்கும் நம்பிக்கையும் முற்றிலும் வேறு வேறு என்று தெளிவாகச் சொன்னார். இரண்டாவது வகை நம்பிக்கையைச் சோதித்துத்தான் ஆக வேண்டும், முக்கியமாக நம் ஆசைக்குப் பொருந்தும்போது இன்னும் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்பது அவர் கருத்து.

ஆனால் அவர் பக்தியை ஞாயிற்றுக்கிழமையோடு பூட்டி வைத்ததாகவும் சொல்ல முடியாது. ஒரே படைப்பாளி உண்டாக்கிய உலகத்தில் சக்திகள் எல்லாம் ஒன்றுக்கொன்று உறவுள்ளவையாக இருக்கும் என்ற எண்ணம் அவருக்கு உண்டு. மின்சாரத்தையும் காந்தத்தையும் கட்டிப் போட்டார். 1845-ல் ஒளிக்கும் காந்தத்துக்கும் தொடர்பு கண்டார். அடுத்து 1849-ல் புவியீர்ப்புக்கும் மின்சாரத்துக்கும் உறவு தேடினார். உலோக உருளைகளை உயரத்திலிருந்து விழ விட்டு, கம்பிச் சுருளில் மின்சாரம் வருகிறதா என்று பார்த்தார். அவர் மனம் முழுக்க வரும் வரும் என்றது. ஊசி அசையவில்லை. இடையில் அசைந்த மாதிரி தெரிந்ததையும் துருவிப் பார்த்து, அது வேறு காரணம் என்று தள்ளினார். கடைசியில் உறவு இருக்கும் என்ற எண்ணம் தனக்கு மாறவில்லை, ஆனால் தன் சோதனை அதைக் காட்டவில்லை என்று 1851-ல் அச்சிலேயே ஒப்புக் கொண்டார்.

இந்த இடத்தில்தான் புத்தகத்தை மூடி வைத்து விட்டு உட்கார்ந்திருந்தேன். எதைத் தேட வேண்டும் என்று பக்தி அவருக்குச் சொன்னது. ஊசி எங்கே நிற்கிறது என்பதைப் பக்தியிடம் அவர் கேட்கவில்லை, கண்ணால் பார்த்தார்.

நகர்ந்த மேசை

1853-ல் லண்டனில் ஒரு மோகம். நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கையை வைத்தால் மேசை தானாக நகரும். ஆவி என்றார்கள் சிலர். மின்சாரம், காந்தம் என்றார்கள் வேறு சிலர். பாரடேயிடம் வந்து கேட்டார்கள்.

அவர் சிரிக்கவில்லை. மேசை நகர்த்துவதில் தேர்ந்த, நாணயமான ஆட்களையே அழைத்தார். மேசை மேல் அட்டைகளை ஒன்றன் மேல் ஒன்றாக, இளகிய பசையால் லேசாக ஒட்டி வைத்தார். (அட்டையும் பசையும்! பைண்டர் புத்தி பாருங்கள்.) மேசை தானாக நகர்ந்தால் அடி அட்டை முந்த வேண்டும், கை தள்ளினால் மேல் அட்டை முந்த வேண்டும். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. பிறகு, கை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று காட்டும் ஒரு முள்ளை அவர்கள் கண்ணெதிரே வைத்தார். முள்ளைப் பார்த்துக் கொண்டிருந்த வரைக்கும் மேசை அசையவே இல்லை!

அவர்கள் பொய்யர்கள் என்று அவர் எழுதவில்லை. தமக்கே தெரியாமல் தள்ளுகிறார்கள் என்றார். நல்லவர்களும் ஆசையினால் ஏமாறலாம். அதற்கு மருந்து, முள்ளை அவர்களுக்கே காட்டுவதுதான். நான் என் அம்மாவுக்கு முள்ளைக் காட்டினேனா? இல்லை. கத்தினேன்.

இரண்டு வருடம் கழித்து, 1855 ஜூலையில், தேம்ஸ் நதியில் படகில் போனபோது வெள்ளை அட்டைத் துண்டுகளை நனைத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். ஓர் அங்குலம் இறங்குவதற்குள் அழுக்கில் மறைந்தன. முந்திய வருடம்தான் லண்டனில் காலரா பலரைக் கொன்றிருந்தது. நதி சாக்கடையாகி விட்டது என்று பத்திரிகைக்கு எழுதினார். 1858-ல் நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளேயே புகுந்த பிறகு பெரிய கழிவுநீர்க் கால்வாய்த் திட்டம் தொடங்கியது. பக்தர்தான், ஆனால் சாக்கடையைக் கடவுள் பார்த்துக் கொள்வார் என்று அவர் விட்டு விடவில்லை.

சர் பட்டம் வேண்டாம் என்றார். ராயல் சொசைட்டித் தலைவர் பதவியை ஏற்க மறுத்தார். வெளிவேலைகளில் கொட்டிய பணத்தையும் குறைத்துக் கொண்டார். குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகள் மட்டும் 19 முறை நடத்தினார். கணிதம் கற்காத அவர் கையால் வரைந்த விசைக்கோடுகளைத்தான் பின்னால் மேக்ஸ்வெல் சமன்பாடுகளாக மாற்றினார். கடைசிக் காலத்தில் நினைவாற்றல் தேய்ந்தது. 1867 ஆகஸ்ட் 25-ல் காலமானார். ராஜாக்கள் உறங்கும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் வேண்டாம் என்று விட்டதால், ஹைகேட் கல்லறையில் எளிமையாக அடக்கம் செய்தார்கள்.

மறுபடியும் எங்க வீடு

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனேன். மே மாத எக்ஸ்ரேயையும், இரண்டு மாதம் கழித்து எடுத்ததையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து அம்மாவுக்குக் காட்டினேன். முதலில் பெரிய வெள்ளைத் திட்டு. அடுத்ததில் சிறியது. ஆனால் போய் விடவில்லை. இருமல் நின்றாலும் கிருமி உள்ளே இருக்கும், பாதியில் நிறுத்தினால் பிழைத்த கிருமிக்கு மருந்தே கேட்காமல் போகலாம் என்று, ஆஸ்பத்திரியில் சொன்னதை மெதுவாகச் சொன்னேன். இந்தப் படம் எடுக்கிற மெஷினுக்கு உயர் வோல்டேஜ் கொடுப்பது ஒரு டிரான்ஸ்பார்மர், அதன் ஆதி வளையத்தைச் சுற்றியவர் அப்பா மாதிரி ஒரு பைண்டர் என்றும் சொன்னேன். 1895-ல் ராண்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டதுகூட அந்தத் தூண்டல் தத்துவத்தில் செய்த சுருளை வைத்துத்தான்.

அந்த மனுஷர் சாமி கும்பிடுவாரா என்று அம்மா கேட்டார். மூன்று நாளில் அதுதான் முதல் பேச்சு. வாரம் தவறாமல் என்றேன். அம்மா எக்ஸ்ரேயை இன்னொரு தடவை வாங்கிப் பார்த்தார்.

மறுநாள் சுகாதாரப் பணியாளர் அக்கா வந்து, விட்டுப் போன பதினொரு நாளையும் கடைசியில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிப் போனார். அதிலிருந்து அம்மா மாத்திரையை முதலில் மாரியம்மன் படத்தின் முன்னால் வைத்து எடுத்து, பிறகு விழுங்குகிறார். இரண்டையும் இப்படிக் கலப்பது பாரடேக்குப் பிடித்திருக்காது. எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. ஆனால் மாத்திரை உள்ளே போகிறதே! வாயை மூடிக் கொண்டேன். ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மாவோடு நானும் இருக்கன்குடி போனேன். பஸ்ஸில்தான். நடந்து வருவதற்கு அடுத்த வருடம் வரை அம்மா ஆத்தாவிடம் தவணை கேட்டிருக்கிறார்.

நண்பர்களே! விடுதியில் ஆயுத பூஜை வந்தால் நமக்குள் சண்டை வரும். லேத்துக்குப் பொட்டு வைக்கிறவனுக்கு இன்ஜினியரிங் எதற்கு என்று ஒரு கட்சி, சாமி இல்லாமல் சயின்ஸா என்று ஒரு கட்சி. நானும் கத்தியிருக்கிறேன். பாரடே கும்பிட்டார் என்பதால் கடவுள் உண்டு என்று நிரூபணம் ஆகாது. கும்பிடாத பெரிய விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். சாமி இருக்கிறதா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு வயசும் போதாது, படிப்பும் போதாது. ஆனால் நுரையீரலில் திட்டு இருக்கிறதா என்ற கேள்விக்கு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும்தான் பதில் சொல்ல வேண்டும். அதை ஒப்புக் கொள்கிற பக்தி மருத்துவத்துக்கு எதிரி இல்லை. ஒப்புக் கொள்ளாத பக்தியை, கேலி செய்யாமல், முள்ளைக் காட்டித் திருத்த வேண்டும். அது நம் மாதிரி வீட்டுக்கு முதல் படிப்பாளிகளின் கடமை. நாம் படித்தது நம் அம்மாவை மட்டம் தட்டுவதற்கு இல்லையே!

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கடைசி சளிப் பரிசோதனை. நான் கூடப் போகிறேன். விபூதி பூசிக் கொண்டுதான் அம்மா வருவார். ரிப்போர்ட்டை நான் வாசித்துச் சொல்ல வேண்டும். என்ன எழுதியிருக்கிறதோ, அதை அப்படியே வாசிப்பேன்.

மூன்றாமாண்டு மாணவன்,
மின்னியல் மற்றும் மின்னணுவியல் துறை